புளித்தண்ணியும் செம்புக் குடமும்: டார்டாரிக் அமிலம் பற்றி ஒரு குறிப்பு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா போன் பண்ணினார். அவர் இருப்பது ஊத்தங்கரை பக்கம் ஒரு கிராமத்தில், நான் இருப்பது ஓசூரில். வழக்கமாக மழை, மாங்காய் விலை, என் பையன் படிப்பு என்று போகும் பேச்சு அன்றைக்கு நேராக வாட்ஸ்அப்புக்குப் போனது.

"தம்பி, ஒரு மெசேஜ் அனுப்பினேனே, பாத்தியா? புளியை ராத்திரி செம்புக் குடத்துல ஊறவெச்சு, காலைல வெறும் வயித்துல குடிச்சா ஒடம்புல இருக்கற ஃப்ளோரைடு எல்லாம் வெளிய போயிடுமாம். பத்து நாளா குடிக்கறேன். நீ இன்ஜினியர்தானே, இது நெஜமான்னு பாத்துச் சொல்லு."

"குடிச்சா எப்படி இருக்கு பெரியப்பா?"

"வயித்தைப் பொரட்டுது. ஒரு நாள் வாந்தி. கழிவு வெளியேறுதுன்னு அர்த்தமாம், அதுலயே போட்டிருக்கு."

நான் படித்தது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். வேதியியலோடு எனக்கிருந்த உறவு பிளஸ் டூ பிராக்டிகலோடு முடிந்தது. ஆனாலும் இந்தக் கேள்வியை "எல்லாம் ஃபார்வர்டு, நம்பாதீங்க" என்று தள்ளிவிட மனசு வரவில்லை. காரணம், எங்கள் பக்கத்தில் ஃப்ளோரைடு என்பது வெறும் வாட்ஸ்அப் பூச்சாண்டி கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயசிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பெரியப்பாவின் பல் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே பழுப்பு. இப்போது குனிந்து செருப்பு மாட்டவே சிரமப்படுகிறார். ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாயில் வருகிறது. ஆனால் வீட்டுப் பின்னாடி இருக்கும் போர் தண்ணிதான் அவருக்கு ருசி.

ஆக, அவருக்குப் பதில் சொல்ல மூணு வாரம் படித்தேன். அதன் சுருக்கம் இது.

புளிக்குள் இருப்பது யார்?

எங்கள் ஓசூரில் ஒரு தெருவில் நின்றாலே மூன்று மொழி காதில் விழும். தமிழில் பழத்தின் பெயர் புளி, சுவை புளிப்பு. கன்னடக்காரர் புளிப்பை 'ஹுளி' என்பார், தெலுங்குக்காரர் 'புலுப்பு' என்பார். எல்லாம் ஒரே குடும்பத்துச் சொல். நாக்குக்கு எல்லாமே ஒரே புளிப்பாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் அமிலம் ஒன்றல்ல. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். ஆப்பிளில் மாலிக் அமிலம். கிருஷ்ணகிரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மாம்பழத்தில் முக்கியமாகச் சிட்ரிக்கும் மாலிக்கும். தயிரில் லாக்டிக். காடியில் அசெட்டிக்.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பழ உலகத்தில் இது அபூர்வம். நாம் தினசரி சாப்பிடும் பழங்களில் இது பெரிய அளவில் இருப்பது இரண்டே இடத்தில்தான்: ஒன்று திராட்சை, இன்னொன்று புளி. ஒன்று கொடி, இன்னொன்று அவரைக் குடும்பத்து மரம். இரண்டுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. அளவில் புளிதான் ராஜா. 100 கிராம் புளிச்சதையில் சுமார் 8 முதல் 18 கிராம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கும். திராட்சைச் சாற்றில் ஒரு லிட்டருக்கே சில கிராம்தான்.

இந்த இரண்டும் எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கமாகவே வளர்கின்றன என்பது ஒரு வேடிக்கை. பெங்களூர் விமான நிலையத்தைத் தாண்டி தேவனஹள்ளி பக்கம் நல்லூர் என்று ஒரு ஊர். அங்கே இருக்கும் பழைய புளியந்தோப்பை 2007-ல் இந்தியாவின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அதே வட்டாரத்தில்தான் 'பெங்களூர் ப்ளூ' திராட்சைத் தோட்டங்கள். கொஞ்சம் தள்ளி நந்தி மலை அடிவாரத்தில் ஒயின் தயாரிக்கிறார்கள். எங்கள் மாவட்டமும் சளைத்ததில்லை: அஞ்செட்டி பக்கம் உள்ள உரிகம் ஊரின் பெயரிலேயே ஒரு புளி ரகம் இருக்கிறது.

இந்த அமிலத்தைப் பற்றிப் படித்ததில், எல்லாமே இரண்டு குணத்துக்குள் அடங்கிவிடுவதாக எனக்குத் தோன்றியது. ஒன்று: சீக்கிரம் அழியாது. இரண்டு: உலோகத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். பெரியப்பாவின் கேள்விக்கான பதிலும் இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

முதல் குணம்: சீக்கிரம் அழியாது

பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறையும். அமிலத்தையே எரிபொருளாகப் பழம் எரித்துவிடும். திராட்சையிலும் மாலிக் அமிலம் அப்படித்தான் கரைகிறது. வெயில் ஊரென்றால் இன்னும் வேகமாக. ஆனால் டார்டாரிக்கை அது கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. புளியிலும் இதே கதைதான். பிஞ்சில் இருந்த அமிலம் பழத்திலும் இருக்கும். கூடவே 100 கிராமுக்கு 25 முதல் 45 கிராம் வரை சர்க்கரை சேர்ந்துவிடுவதால் நாக்குக்கு இனிப்பு தெரிகிறது, அவ்வளவுதான். புளிப்பும் இனிப்பும் இவ்வளவு உச்சத்தில் ஒன்றாக இருக்கும் பழம் வேறு அதிகம் கிடையாது.

ஒயின்காரர்களுக்கு இந்தப் பிடிவாதம்தான் சொத்து. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட், டார்டாரிக்கைச் சீந்துவதில்லை. மாலிக் அமிலத்தை லாக்டிக்காக மாற்றும் பாக்டீரியாவும் பெரும்பாலும் இதை விட்டுவிடும். ஆக, நொதித்தல் முழுக்க முடிந்த பிறகும் நின்று காவல் காப்பது டார்டாரிக்தான். ஒயினின் பிஹெச் பொதுவாக 3-க்கும் 3.8-க்கும் நடுவில் இருக்கும். அது ஏறிவிட்டால் கெடுக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், சிவப்பு ஒயினின் நிறமும் மங்கும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடுக்கும் பிஹெச் முக்கியம். 3.5-லிருந்து 3.2-க்கு இறக்கினால், கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பிஹெச் என்பது மடக்கை அளவு என்பதால், பார்க்கச் சின்னதாகத் தெரியும் 0.3-க்கு இவ்வளவு மதிப்பு. வெயில் ஊர்த் திராட்சையில் மாலிக் குறைந்துபோவதால், அங்கே ஒயின் செய்பவர்கள் வெளியிலிருந்து டார்டாரிக் அமிலம் சேர்ப்பது சாதாரண நடைமுறை. லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் பிஹெச் சுமார் 0.1 இறங்கும் என்பது அவர்களுடைய தோராயக் கணக்கு.

நம் சமையலறையிலும் இதே வேலைதான் நடக்கிறது. புளிக்காய்ச்சல் நாள்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும், வருஷத்துக்கு ஒரு தடவை உப்புப் போட்டு மண்பானையில் அடைத்த புளி அடுத்த வருஷமும் உதவுவதற்கும் இந்த அமிலம் ஒரு முக்கியக் காரணம். பழைய புளி கறுத்துப்போகும். அது சர்க்கரையின் வேலை, புளிப்பு அப்படியே இருக்கும். "பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊத்தணும்" என்று அம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. காய், பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் லேசில் கரையாது. புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது குணம்: உலோகத்தைப் பிடிக்கும்

ரெண்டு வருஷம் முன்னாடி எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ஃப்ரிட்ஜில் ரொம்ப நாள் கிடந்த திராட்சை ஜூஸ் பாட்டிலின் அடியில் பளபளவென்று துகள்கள். "டேய், இதுல கண்ணாடித் தூள் இருக்குடா, கீழ கொட்டு" என்று அம்மா கத்த, நானும் கொட்டிவிட்டேன். இப்போது படிக்கும்போதுதான் தெரிகிறது, அது பெரும்பாலும் இந்த டார்டாரிக் அமிலத்தின் உப்பாகத்தான் இருந்திருக்கும்.

டார்டாரிக் மூலக்கூறில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் இரண்டு உண்டு. திராட்சையில் பொட்டாசியம் நிறைய. ஒரு ஹைட்ரஜன் போய் அந்த இடத்தில் பொட்டாசியம் உட்கார்ந்தால் அது பொட்டாசியம் பைடார்டரேட். சுத்தமான டார்டாரிக் அமிலம் 100 மில்லி தண்ணீரில் 130 கிராமுக்கு மேல் கரையும். இந்த உப்போ அதே 20 டிகிரியில் அரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். குளிரில் இன்னும் குறையும், ஆல்கஹால் இருந்தால் அதைவிடக் குறையும். அதனால்தான் ஒயின் பாட்டிலின் அடியில் படிகம் விழுகிறது. ரசிகர்கள் அதை 'ஒயின் வைரம்' என்று செல்லமாகச் சொல்வார்கள். குடித்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் என் அம்மா மாதிரி வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்க இருப்பதால், பாட்டிலில் அடைக்கும் முன்பே சுமார் மைனஸ் 4 டிகிரிக்குக் குளிர்வித்துச் சில நாள் வைத்து, படிகத்தை அங்கேயே விழவைத்துவிடுகிறார்கள்.

பீப்பாயில் ஒட்டும் இந்தப் படிவிலிருந்துதான் 1769-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இன்றைக்கும் இயற்கை டார்டாரிக்கின் பெரும்பகுதி ஒயின் கழிவிலிருந்துதான் வருகிறது. படிவைச் சுத்தம் செய்தால் 'க்ரீம் ஆஃப் டார்டர்'. பேக்கிங் சோடாவோடு சேர்த்தால் கேக்கை உப்பவைக்கும். முட்டை வெள்ளைக்கருவின் நுரை அடங்காமல் பார்த்துக்கொள்ளும். மிட்டாய், ஜாம் பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 334 என்று போட்டிருந்தால் அது நம்ம ஆள்தான்.

பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமாவது ஒரு மாதிரி. செம்பைப் பிடிப்பது வேறு மாதிரி. பிளஸ் டூ லேபில் சர்க்கரை கண்டுபிடிக்க நாம் ஊற்றிய ஃபெலிங் கரைசல் ஞாபகம் இருக்கிறதா? அடர் நீலம். காரத்தில் செம்பு அயனியைப் போட்டால் சாதாரணமாக அது கெட்டியாகி அடியில் விழுந்துவிடும். விழாமல் கரைசலிலேயே தாங்கிப்பிடிப்பது டார்டரேட். 1849-ல் ஃபெலிங் செய்த ஏற்பாடு இது. நான் பிராக்டிகல் நோட்டில் மனப்பாடம் பண்ணி எழுதியதன் அர்த்தம், இருபத்தைந்து வருஷம் கழித்து எங்க பெரியப்பாவின் செம்புக் குடத்தால் புரிந்தது.

குடத்துக்குள் ராத்திரி என்ன நடக்கிறது?

வெறும் அமிலம் செம்பை நேரடியாகக் கரைத்துவிடாது. இரும்பு மாதிரி குபுகுபுவென்று ஹைட்ரஜன் விடாது. ஆனால் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் செம்பின் மேல் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலத்தை அமிலம் கரைக்கிறது. புதுச் செம்பு வெளியே தெரிகிறது. மறுபடி ஆக்சைடு, மறுபடி கரைசல். கரைந்த செம்பை டார்டரேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதையே நாம் பத்து நிமிஷத்தில் செய்தால் அதற்குப் பெயர் பாத்திரம் துலக்குவது. பெரியப்பா செய்தது எட்டு மணி நேரம் துலக்கிவிட்டு, துலக்கிய தண்ணீரைக் குடிப்பது.

சாதாரணத் தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் வைப்பது வேறு விஷயம். அதில் அமிலம் இல்லை, கரையும் செம்பு கொஞ்சம்தான். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அளவு மீறினால் முதலில் வரும் அறிகுறி என்ன தெரியுமா? குமட்டல், வயிற்றுவலி, வாந்தி. ஃபார்வர்டு அதற்குத்தான் 'கழிவு வெளியேறுகிறது' என்று பேர் வைத்திருக்கிறது.

நம் பாட்டிகளுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் இது தெரியும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கமாட்டார்கள். தெருவில் ஈயம் பூசுபவர் வந்தால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கே நினைவிருக்கிறது. அந்த ஈயம் வெள்ளீயம். புளிக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு சுவர். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். மலிவு என்று காரீயம் கலந்ததை வாங்கினால் கதை கந்தலாகிவிடும். புளி அதையும் கரைக்கும், காரீயம் செம்பைவிடப் பல மடங்கு மோசமான விஷம்.

சரி, ஃப்ளோரைடு போகுமா?

இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஃபார்வர்டில் ஒரு துளி நிஜம் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 18 ஆரோக்கியமான பையன்களுக்கு, தினம் மதியச் சாப்பாட்டோடு 10 கிராம் புளி, 18 நாள். ஒரு நாளைக்குச் சிறுநீரில் வெளியேறிய ஃப்ளோரைடு சராசரியாக 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 மில்லிகிராமாக ஏறியது.

ஆக, புளி ஏதோ செய்கிறது. ஆனால் கவனியுங்கள்: கொடுத்தது சாப்பாட்டோடு, 10 கிராம். செம்புக் குடம் அந்த ஆய்வில் எங்கேயும் இல்லை. மூட்டு இறுகிய பெரியவர்களிடம் செய்ததும் இல்லை. கிடைத்த லாபம் நாளுக்கு 1.3 மில்லிகிராம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் வேலை செய்பவர் நாளுக்கு 3 லிட்டர் குடிப்பார். உள்ளே போவது 9 மில்லிகிராம். புளி கூடுதலாக வெளியேற்றுவது, அந்த ஆய்வு அப்படியே பொருந்தும் என்றாலும், 1.3. அதே 3 லிட்டரை 1 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள தண்ணீராக மாற்றினால், உள்ளே போவதிலேயே 6 மில்லிகிராமுக்கு மேல் மிச்சம். ஓட்டைப் பானையிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றுவதா, குழாயை மூடுவதா என்பதுதான் கேள்வி. பெரியப்பா விஷயத்தில் இன்னொரு கொடுமை: அவர் புளியை ஊறவைத்ததே அந்தப் போர் தண்ணீரில்தான்.

அவரிடம் சொன்னது

மறுபடி போன் பண்ணினேன். "பெரியப்பா, குடத்துக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்க. புளித்தண்ணி நிக்கற எடம் எப்படி இருக்கு, அதுக்கு மேல எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கீழ பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. மேல கறுப்பா இருக்கு."

"அந்தக் கறுப்பு எங்க போச்சு?"

மறுபடி சத்தமில்லை. அப்புறம் மெதுவாக, "தண்ணிக்குள்ளதான் போயிருக்கணும்" என்றார்.

அவருக்கு நான் சொன்ன மற்றவை, உங்களுக்கும் உதவலாம். தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், மிச்சமிருப்பதில் அது இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. எடுக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையும் உண்டு, ஆனால் அளவு பார்த்துச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட எளிது தெருக்குழாய். குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்க, குழம்பு வைக்கவும் அந்தத் தண்ணீர்தான். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். போர் தண்ணீரைக் குடித்தே ஆகவேண்டும் என்றால் முதலில் ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புளியை விடச் சொல்லவில்லை. ரசத்தில், குழம்பில், சாப்பாட்டோடு தாராளமாகச் சேர்க்கலாம். வெறும் வயிற்றில் தினமும் புளித்தண்ணி மட்டும் வேண்டாம். பல்லின் எனாமல் பிஹெச் 5.5-க்குக் கீழே கரைய ஆரம்பிக்கும். புளித்தண்ணி அதைவிட ரொம்பக் கீழே. ஏற்கெனவே ஃப்ளோரைடால் அடிவாங்கிய பல்லுக்கு அது இரட்டை அடி.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் தெருக்குழாய்த் தண்ணீர் இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் மூடிவைத்திருந்தது. "சப்புன்னு இருக்குடா" என்று பெரியப்பா குறைப்பட்டுக்கொண்டார். செம்புக் குடத்தைப் பெரியம்மா புளி போட்டுத் துலக்கி வெயிலில் கவிழ்த்திருந்தார். புளிக்கும் செம்புக்கும் அந்தப் பத்து நிமிஷ உறவு போதும்.

பின்குறிப்பு: வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது முன்பே தெரியும், காரணம்தான் புதிராக இருந்தது. க்ரீம் ஆஃப் டார்டர், புளி இரண்டையும் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததைக் கவனித்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், குற்றவாளி டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் முன்வைத்தார்கள். மிச்சமான புளிசாதத்தை அதன் தட்டில் வைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.